பெரிய டின்னில் விழுந்த ஓட்டு

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று என்னிடம் யாரும் கேட்டு வெகுநாளாகிறது. படம் ஏற்றியாச்சா என்றுதான் கேட்கிறார்கள். காலையில் வந்தது எத்தனை பேர், உப்புமா தின்றது எத்தனை பேர், மதியம் முட்டை வேண்டாம் என்றது எத்தனை பேர், எல்லாவற்றையும் கைபேசியில் ஏற்றியாக வேண்டும். பள்ளியோ ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. சிக்னல் கொடிக்கம்பத்தின் அடியில் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே தலைமையாசிரியையாகிய நான் பணி நேரத்தில் பாதியை அந்தக் கம்பத்தின் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றே கழிக்கிறேன். ரோட்டில் போகிறவர்கள் ஏதோ நேர்ச்சை என்று நினைத்திருப்பார்கள்.

திருவட்டாற்றிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், நான் சொல்ல வருகிற வருடத்தில் பத்தொன்பது பிள்ளைகள். இன்னொரு ஆசிரியர் நாகர்கோவிலில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற இளைஞர். அவர் என்னை டீச்சரே என்பார், நான் அவரைச் சாரே என்பேன். காலை எட்டரை மணிக்கு மேல் மஞ்சள் வேன்கள் எங்கள் வாசலைக் கடந்து போகும். டை கட்டிய பிள்ளைகள் ஜன்னல் வழியாக எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அந்தப் பிள்ளைகள் பலரின் வீடு எங்கள் பள்ளியில் இருந்து கூப்பிடு தூரம். எண்ணிக்கை இன்னும் குறைந்தால் எங்களைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. உண்மையா என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கப் பயம்.

வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. முதலில் நான் இப்படி இல்லை. கமுகம்பாளையை வெட்டி முகமூடி செய்வேன். பிள்ளைகளை ஓடைக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல் பொறுக்கி எடைபோடச் சொல்வேன். மாணவர் தலைவர் என்று ஒருவரை ஆசிரியர்களே கைகாட்டிவிடுகிற வழக்கத்தை ஒழித்து, பிள்ளைகளே ஓட்டுப் போடுகிற தேர்தலை எங்கள் பள்ளியில் கொண்டுவந்ததும் நான்தான். ஜெயித்தவர் அந்த வருடம் முழுக்கத் தலைவர். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை பிள்ளைகளின் கூட்டம். தலைவர்தான் நடத்த வேண்டும். நான் பின்பெஞ்சில் உட்கார வேண்டும், கை தூக்காமல் பேசக்கூடாது. பிள்ளைகள் என்னை இரண்டு தடவை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதையெல்லாம் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்தல் ஆகஸ்டில் நடக்கும். ரப்பர் காய் வெடித்துக் கொட்டைகள் உதிர்கிற மாதம் அது. ஆளுக்கொரு கொட்டை பொறுக்கிவர வேண்டும், அதுதான் ஓட்டு. பீரோவுக்குப் பின்னால் பெஞ்சின் மேல் மூடியில் ஓட்டை போட்ட மூன்று டின்கள் இருக்கும். போட்டியிடுகிற பிள்ளை தன் முகத்தைத் தானே வரைந்து தன் டின்னில் ஒட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஆள் தெரிய வேண்டுமே, அதற்காக. ஒவ்வொருவராகப் பீரோவுக்குப் பின்னால் போய்க் கொட்டையைப் போட்டுவிட்டு வருவார்கள். கடைசியில் நான் மட்டும் உள்ளே போய் எண்ணிவிட்டு வந்து பெயரைச் சொல்வேன். ஜெயித்தவர் பெயர் மட்டும்தான். தோற்ற பிள்ளைக்கு எத்தனை கிடைத்தது என்று தெரிந்தால் மனம் நோகும் என்று நானே வைத்துக்கொண்ட ஏற்பாடு. நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். அந்த நல்லெண்ணத்துக்குள் ஒரு பொய் வசதியாக உட்கார இடம் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா அண்டி ஆபீசுக்குப் போகிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அம்மா விடிந்ததும் கிளம்பிவிடுவதால் இவள்தான் பள்ளிக்கு முதலில் வருவாள். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி முழங்காலைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வரும்போது அவள் படியில் உட்கார்ந்திருப்பாள். அதற்குள் இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள் அவளைச் சுற்றி இருக்கும். ஒருத்திக்கு மூக்குத் துடைத்துவிடுவாள், ஒருத்திக்குப் பின்னல் போட்டுவிடுவாள். பேச்சு மட்டும் குறைவு. அயல் ஆள் யாராவது வந்து பெயர் என்ன என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். பதில் தரையில் இருந்து வரும் என்பது போல நாங்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பள்ளி முற்றத்து அயினி மரத்தில் ஒரு டயர் ஊஞ்சல் உண்டு. ஒரே ஊஞ்சல், பத்தொன்பது பேர். தினமும் அடிதடி. நான் நேரம் பார்த்து மணியடித்தேன், சார் வரிசை போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் மதியம் கொடிக்கம்பத்தடியில் முட்டைக் கணக்கை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது சத்தமே இல்லை என்று கவனித்தேன். திரும்பிப் பார்த்தால், ஒன்றாம் வகுப்புப் பொடியள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தன. அவள்தான் சட்டம் போட்டிருக்கிறாள். யாருக்கு எதுவரை எண்ணத் தெரியுமோ அதுவரைக்கும் அவர்களுக்கு ஆட்டம். பன்னிரண்டு வரை தெரிந்தால் பன்னிரண்டு ஆட்டம். பெரிய வகுப்புக்காரர்கள் வாய்பாடு சொல்லிக்கொண்டு ஆட வேண்டும், தப்பினால் இறங்கிவிட வேண்டும். இரண்டே வாரத்தில் ஒன்றாம் வகுப்பு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஏழாம் வாய்பாட்டுக்காக நான் இருபத்தாறு வருடம் பட்ட பாட்டை அந்த டயர் ஒரு மாதத்தில் முடித்துவைத்தது.

நான் அதை வீடியோ எடுத்தேன். எடுத்ததை வழக்கம்போல் ஏற்றினேன். தலைப்பு ஊஞ்சல் வழிக் கணிதம் என்று கொடுத்தேன். உருவாக்கிய ஆசிரியர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. பிள்ளையின் பெயருக்குக் கட்டமே கிடையாது. சிக்னல் போய்விடுமே என்ற அவசரத்தில் என் பெயரைப் போட்டேன். இதை ஒரு தப்பாகவே நான் அப்போது நினைக்கவில்லை. அன்றைக்கு ஏற்ற வேண்டியது இன்னும் நாலு பாக்கி இருந்தது.

அந்த வீடியோ யார் கண்ணிலோ பட்டுவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வருவார்கள், வெளியூரில் இருந்து சில விருந்தாளிகளும் வருவார்கள், ஊஞ்சல் கணிதத்தைப் பார்ப்பார்கள் என்று தகவல் வந்தது. மாணவர் தலைவர் அவர்களை வரவேற்று மூன்று நிமிடம் பேச வேண்டும், கொஞ்சம் ஆங்கிலமும் இருந்தால் நல்லது என்றார்கள். எங்கள் தேர்தலுக்கு அப்போது நாலு நாள் இருந்தது.

போட்டியிட்டது மூன்று பேர். அந்தப் பெண் ஒருத்தி. நான்காம் வகுப்பில் இருந்து ஒரு பெண் சும்மா ஆசைக்கு நின்றாள். மூன்றாவது, அவளோடு ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பையன். அவன் அப்பாவுக்கு வளைகுடாவில் வேலை போய்விட்டதால் ஆங்கிலப் பள்ளியில் இருந்து அவனையும் தம்பி தங்கையையும் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மணிமணியாகப் பேசுவான். நல்ல பையன், கர்வம் கிடையாது. அவன் அம்மா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், அவருக்கு மறுபடி விசா சரியாகிவிட்டால் பிள்ளைகளைப் பழைய பள்ளிக்கே மாற்றிவிடுவோம் டீச்சர் என்பாள். பத்தொன்பதில் மூன்று போனால் பதினாறு. அந்தக் கழித்தலை நான் பஸ்ஸிலும் சர்ச்சிலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

தேர்தல் அன்றைக்குச் சாருக்கு நாகர்கோவிலில் பயிற்சி. நான் ஒருத்தியாக ஐந்து வகுப்புகளையும் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு முடித்தார்கள். நான் பீரோவுக்குப் பின்னால் போய் டின்களைத் திறந்தேன். அவள் படம் ஒட்டிய பெரிய பிஸ்கட் டின்னில் பன்னிரண்டு. பையனுடைய பால்மாவு டின்னில் ஐந்து. மூன்றாவதில் இரண்டு.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். இந்தப் பிள்ளைகள் பேச்சில் மயங்காமல், தங்களுக்கு மூக்குத் துடைத்துவிட்டவளைப் பார்த்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருடமாக நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது இதைத்தானே. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் விருந்தாளிகள் முன்னால் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற காட்சிதான். அதிகாரிகள் என்னைப் பார்ப்பார்கள். ஊரில் போய், அந்தப் பள்ளியில் தலைவிக்கே வாய் திறக்கத் தெரியாது என்று பேசுவார்கள். பையனின் அம்மாவுக்கு ஒரு காரணம் கிடைக்கும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்க நாள் இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது, பத்து நாளுக்கு மேலேயே இருந்தது. எனக்குத்தான் தெம்பு இல்லை. பீரோவுக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டு, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். வெளியே வந்து பையனின் பெயரைச் சொன்னேன்.

பிள்ளைகள் உடனே கைதட்டவில்லை. பையன் எழுந்திருக்கவும் இல்லை. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள்தான் முதலில் கை தட்டினாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். நான் அவன் சட்டையில் தலைவர் அட்டையைக் குத்திவிட்டுப் படம் எடுத்து ஏற்றினேன். அன்றைக்குச் சிக்னல் முதல் தடவையிலேயே கிடைத்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். பையன் நான் எழுதிக்கொடுத்ததை ஒரு சொல் விடாமல் பேசினான். ஊஞ்சலைச் சுற்றி நின்று எல்லாரும் படம் பிடித்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா பையனிடம், இந்த யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். சொல்லு என்று நான் கண்ணைக் காட்டியிருந்தால் போதும், அவன் சொல்லியிருப்பான். நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். எங்க டீச்சர்தான் சொல்லித் தந்தாங்க என்றான் பையன். அந்தப் பெண் அப்போது ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விழுந்துவிடாமல் டயரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும். மூன்றடி தூரம்தான்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் பையன் என் மேஜை முன்னால் வந்து நின்றான். கையில் தலைவர் அட்டை. அதை மேஜையில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இது எனக்கு வேண்டாம் டீச்சர். அவளுக்குத்தான் கெடச்சுது."

யார் சொன்னது என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது.

"யாரும் சொல்லல்ல. எல்லாருக்கும் தெரியும் டீச்சர். பெரிய டின்னில விழுந்தா சத்தம் வேற மாதிரி கேக்கும். பன்னெண்டு தடவ கேட்டுச்சு. எனக்க டின்னு அஞ்சு தடவதான்."

மூன்று டின், மூன்று அளவு. பெரிய பிஸ்கட் டின்னில் கொட்டை விழுந்தால் தொம் என்று கேட்கும், பால்மாவு டின்னில் கிணுங் என்று கேட்கும். இத்தனை வருடமாக அந்த வகுப்பறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டதே இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து வாயில் விரல் வைத்து உட்காருகிற பிள்ளைகளுக்கு அதைக் கேட்பதைவிட வேறு என்ன வேலை. இதற்கு முன்னால் நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவர்களுக்கு விடை தெரிந்திருக்கிறது. நான் சொன்னதும் தாங்கள் எண்ணியதும் ஒன்றாக இருந்ததால் கைதட்டியிருக்கிறார்கள். இந்த முறை ஒன்றாக இல்லை. பத்தொன்பது பேரும் என் பொய்யை நான் சொல்லும்போதே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறு வயதுப் பிள்ளை உட்பட.

"செரி மக்கா. நீ இப்ப போ. டீச்சர் பாத்துக்கிடுதேன்" என்றேன். அட்டையைத் திரும்ப அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைச் சட்டையில் குத்தாமல் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் காலை வணக்கத்தில் எல்லாரையும் நிறுத்திச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு ராத்திரி தீர்மானம் செய்துகொண்டேன். தப்பு நடந்துவிட்டது, ஜெயித்தது அவள்தான், டீச்சர் மன்னிப்புக் கேட்கிறேன். இவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகாது. மறுநாள் காலை உணவைச் சோதிக்க ஆள் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் எனக்குப் பயிற்சி. பிறகு காலாண்டுத் தேர்வு. பிறகு ஐப்பசி மழை, பாதிப் பிள்ளைகள் வரவில்லை, எல்லாரும் இருக்கும்போது சொல்லலாமே என்று விட்டேன். சாரிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். அவர், விடுங்க டீச்சரே, பிள்ளைகளுக்கு இப்ப மறந்திருக்கும் என்றார். அவருக்கும் இரண்டு பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும். அந்த ஆறுதல் எனக்குப் போதுமானதாக இருந்தது. சோர்ந்து போனவளுக்கு எந்த ஆறுதலும் போதும்.

பிள்ளைகள் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பையன் நடத்துவான், ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் அவளைப் பார்ப்பான். அவள் தலையை லேசாக ஆட்டுவாள். அதற்குப் பிறகுதான் தீர்மானம் என்பான். குடிநீர்த் தொட்டியைக் கழுவியது, கிழிந்த நூலகப் புத்தகங்களைப் பசை வைத்து ஒட்டியது, ஆண்டு விழாவுக்குப் பாளை முகமூடி போட்டு ஒரு குரங்குக் கூட்டத்தின் நாடகம் செய்தது, எல்லாம் அவளுடைய ஏற்பாடு. அந்த நாடகத்தில் எங்கள் பிள்ளைகளில் யாருமே சும்மா நிற்கவில்லை. பேச முடியாதவனுக்கு மரம் ஆட்டுகிற வேலை, அழுகிறவனுக்கு அழுகிற குட்டிக்குரங்கு வேடம். ஆளுக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடப் பயிற்சிப் படிப்பு தேவைப்பட்டது. படங்களில் எல்லாம் அட்டை குத்திய பையன் நடுவில் நிற்கிறான். நான்தான் எடுத்தேன், நான்தான் நிற்க வைத்தேன்.

எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விடுவாள். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளிக்குப் போகிறாள். அங்கே எந்த வகுப்பில் எந்த டீச்சர் அவள் தரையைப் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை, நீதான் எங்களுக்கு வேண்டும் என்று பன்னிரண்டு பேர் அவளைச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியது நான். கொடுக்காமலே அனுப்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

கடைசி வேலைநாளுக்கு முந்தின நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். எல்லார் முன்னாலும் சொல்ல எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை. அவள் ஆண்டு விழா முகமூடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, தேர்தலில் ஜெயித்தது நீதான், டீச்சர் மாற்றிச் சொல்லிவிட்டேன், தப்பு என்மேல்தான் என்றேன். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்."

தெரிந்தும் ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்றேன். ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் நான் எதிர்பார்த்த காரியத்தைப் பாருங்கள். அவள் தரையைப் பார்த்தாள். நானும் காத்திருந்தேன்.

"அம்மைட்ட சொன்னேன். அண்டி ஆபீசிலயும் அப்படித்தானாம். நாம எவ்வளவு ஒடச்சாலும் எட போடுறவங்க சொல்லுறதுதான் எடையாம். டீச்சர்ட்ட போயி வழக்குப் பேசாதன்னு சொன்னா."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் பதறிப்போனாள். அழாதீங்க டீச்சர், எனக்கு ஒண்ணுமில்ல என்று இரண்டு தடவை சொன்னாள். சின்னப் பிள்ளைகளைத் தேற்றுகிற அதே குரல். அட்டையை நாளைக்கு ஒருநாளாவது குத்திக்கொள்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு முகமூடிகளை எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்று கேட்டாள். காட்டிக்கொடுத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது பையனின் தம்பியும் தங்கையும் வரவில்லை. அவர்களுடைய அப்பாவுக்கு விசா வந்துவிட்டதாம். மஞ்சள் வேனில் இருந்து அந்தத் தங்கை எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள். நானும் காட்டினேன். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாம் கூட்டிக் கழித்தால் அந்த வருடம் பதினைந்து பேர்.

ஆகஸ்ட் வந்தது. இந்தத் தடவை நான் எல்லாவற்றையும் மாற்றினேன். தகர டின் கிடையாது. ஒரே அளவில் மூன்று துணிப்பைகள் தைத்தேன். எதில் போட்டாலும் சத்தம் கேட்காது. எண்ணுவதும் பீரோவுக்குப் பின்னால் கிடையாது, எல்லார் முன்னாலும் மேஜை மேல் கொட்டி, பிள்ளைகளே எண்ண வேண்டும், சார் பக்கத்தில் நிற்க வேண்டும். போன வருடம் நடந்ததைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ஏற்பாட்டைச் சரி செய்துவிட்டேன், அதுவே சொன்ன மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். சார்கூட நல்ல யோசனை என்றார்.

முதலில் போனது இரண்டாம் வகுப்புப் பெண். போன வருடம் ஊஞ்சலில் எண்ணக் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி. பீரோவுக்குப் பின்னால் போனவள் ரப்பர் கொட்டையை உள்ளங்கையில் வைத்தபடி திரும்பி என்னிடம் வந்தாள்.

"டீச்சர், யாருக்க பையில இடணும்?"

உனக்கு யாரைப் பிடிக்குமோ அவர்களுக்குப் போடு மக்கா என்றேன். அவள் போகவில்லை. வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேலியோ கோபமோ யார் முகத்திலும் இல்லை. கணக்குக்கு விடை கேட்டு நிற்பது போலத்தான் நின்றார்கள். நான் மறுபடியும், உங்கள் இஷ்டம் பிள்ளைகளே, டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பைகளை மேஜையில் கவிழ்த்தோம். இரண்டு பைகள் காலி. மூன்றாவதில் பதினைந்து. தோற்ற இரண்டு பிள்ளைகளும்கூடத் தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தவள் ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண். பிள்ளைகளோடு அவளுக்கு இன்னும் சரியாகப் பழக்கம்கூட இல்லை. இவளையா எல்லாரும், என்று என் வாயில் இருந்து வந்துவிட்டது.

அந்த இரண்டாம் வகுப்புப் பெண்தான் பதில் சொன்னாள்.

"அவதான் டீச்சர் நல்லா இங்கிலீஷ் பேசுவா. ஆள் வந்தா பேசணும்லா."

சார் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் பதினைந்து கொட்டைகளையும் இரண்டாம் தடவை எண்ணிப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது. நான் ஜெயித்த பெண்ணின் பெயரைச் சொன்னேன். பிள்ளைகள் உடனே கைதட்டினார்கள்.